புதுப்பிப்பு: அறிவுரையாகவே வந்துகொண்டிருந்த அந்தப் பாட்டு

மனம் தேறி வளர்வதைப் பற்றிப் பாட்டு எழுத உட்கார்ந்தால் வரிகள் எல்லாம் மேடைப் பேச்சாகவே வருகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது பல்லவி தேறிவிட்டது.

பலர் 'ஒவ்வொரு பூக்களுமே' பாட்டைக் கேட்கச் சொன்னீர்கள். 2004-இல் வந்த ஆட்டோகிராப் படம், பரத்வாஜ் இசை. எழுதிய பா. விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. அதில் நேரடி அறிவுரை நிறையவே உண்டு, ஆனாலும் உறுத்தவில்லை. படத்தில் அது பார்வையற்ற இசைக்குழுவினரின் மேடைக் கச்சேரியில் வருகிறது. சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் என் பாட்டுக்கும் முதலில் ஆளைத் தேடினேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஸ்கூட்டி ஓட்டக் கற்கும் ஒரு அம்மா.

அப்புறம் மெட்டு வேலையை எளிதாக்கியது. நண்பர் போட்டுக் கொடுத்த தத்தகாரம் (வரிகள் எப்படி ஓட வேண்டும் என்று காட்டும் பொருளில்லா ஒலிகள்) 'தனதன தனதன தானா'. குறிலாக ஓடுகிற இந்தச் சந்தத்தில் தன்னம்பிக்கை, வெற்றி எல்லாம் உட்காரவே மறுக்கின்றன (நல்லதாகப் போயிற்று!). 'மறுபடி மறுபடி போனேன்' மட்டும் அச்சாகப் பொருந்தியது. எங்கே போனாள், எத்தனை முறை விழுந்தாள் என்பதைச் சரணம் பார்த்துக்கொள்ளும்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதில் அவள் நன்றாக ஓட்டக் கற்றுவிட்டாள், பாட்டு சப்பென்று ஆகிவிட்டது. அவளைக் கற்றுக்கொண்டிருக்கும் நிலையிலேயே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பாட்டு எழுதுபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.