பழைய லேலண்ட் பஸ்ஸில் எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டலாமா, எப்படி செட் பண்ணுவது?

வால்பாறை ரூட்:
எங்களிடம் பழைய அசோக் லேலண்ட் பஸ் ஒன்று இருக்கிறது. ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, மைக்கோ இன்லைன் டீசல் பம்ப், ஏர் பிரேக். கரூரில் கட்டின பாடி, இன்னும் கெட்டி. கீழே கல்யாண டிரிப் அடித்துக்கொண்டிருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை, இப்போது வால்பாறை சவாரி அடிக்கடி வருகிறது, ஆழியாறு பக்கம் இறங்கும்போது அந்த 40 கொண்டை ஊசியில் பாதி தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் கருகுகிற வாடை வந்துவிடுகிறது. ஓரங்கட்டி டிரம் ஆறவிட்டுத்தான் மேற்கொண்டு இறங்குகிறோம். லாரியில் கழற்றின எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு (புகைப் பைப்பை அடைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்க வைப்பது) ஒன்று இருக்கிறது, பைப்பை வெட்டி வைத்துவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். வைத்தால் எஞ்சின் ஹெட் போய்விடும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? வீடியோவில் அமெரிக்க லாரிகள் படபடவென்று சத்தம் போட்டு இறங்குகின்றனவே, அந்த ஜேக் பிரேக் நமக்குக் கிடைக்குமா?

பழைய டீசல்:
வைக்கலாம் சார். ஆனால் ஹெட் போகும் என்று சொன்னவர் சும்மா பயமுறுத்தவில்லை. அந்த வால்வுக்குள் இருக்கிற பட்டர்பிளைத் தட்டு மூடினதும் புகை வெளியே போக வழியில்லாமல் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளிவருகிற குழாயில்) பிரஷர் ஏறும், பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால்தான் வண்டி பிடிக்கிறது. அதே பிரஷர் மூடியிருக்கிற எக்ஸாஸ்ட் வால்வுகளின் முதுகிலும் தள்ளும். வால்வுத் தலை 40 மில்லி என்றால் பரப்பு 12.5 சதுர செ.மீ., சதுர செ.மீ.க்கு 3 கிலோ பிரஷரில் சுமார் 37 கிலோ விசை. ஸ்பிரிங் அதைத் தாங்காவிட்டால் வால்வு தானாகத் திறந்து சீட்டில் அடித்து அடித்து மூடும், அப்புறம் சீட் போகும், மோசமானால் பிஸ்டனில் தட்டும். அதனால் முதல் வேலை ராக்கர் கவரைக் கழற்றி டேப்பெட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) பார்ப்பது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுவது. உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி எவ்வளவு பேக் பிரஷர் அனுமதிக்கிறது என்று மேனுவலில் பாருங்கள், வேறு வண்டியின் கணக்கை இதற்குப் போடாதீர்கள்.

செட்டிங் கேஜ் வைத்துத்தான். மேனிஃபோல்டுக்கும் பட்டர்பிளைக்கும் நடுவில் ஒரு நிப்பிள், அதிலிருந்து நாலைந்து சுற்று சுற்றின காப்பர் டியூப், முனையில் கேஜ். டியூப்பைச் சுற்றாமல் நேராகக் கொடுத்தால் சூட்டில் கேஜ் வெந்துவிடும். சரிவில் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கவர்னர் லிமிட்டுக்கு (பம்ப் அனுமதிக்கிற உச்ச ஆர்பிஎம்முக்கு) கிட்டே பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அளவு தாண்டுகிற மாதிரி தெரிந்தால் ஸ்டாப் ஸ்குரூவில் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஸ்குரூ இல்லாத மாடல் என்றால் பிளேட்டில் இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், அதை அரை மில்லி அரை மில்லியாகப் பண்ணுங்கள், பெரிதாகப் போன ஓட்டையை அடைக்க முடியாது. மேனிஃபோல்டு கேஸ்கட் லீக் இருந்தால் கேஜ் காட்டுவதெல்லாம் பொய்.

பம்ப் ரூம்:
ஜேக் பிரேக்கை மறந்துவிடுங்கள். அது புகைப் பைப்பில் வைக்கிற சாமானே இல்லை, ராக்கருக்கு மேலே உட்கார்ந்து கம்ப்ரஷன் முடிகிற நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அழுத்தின காற்றை வெளியே விட்டுவிடும். படபட சத்தம் அதுதான். 1931இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் கலிஃபோர்னியாவில் கஜோன் கணவாயில் லாரியோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் ரயில்வே கேட்டில் உயிர் தப்பினார், அந்தப் பயத்தில் பிறகு யோசித்துச் செய்தது, ஜேக்கப்ஸ் கம்பெனி 1961இல் விற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி ஹவுசிங் வேண்டும். நம் பழைய எஞ்சினுக்கு அப்படி ஒன்று நான் பார்த்ததில்லை.

மலை டிரைவர்:
அண்ணே, மாட்டினாலும் ஏறின கியரிலேயேதான் இறங்கணும். டாப் கியரில் எக்ஸாஸ்ட் பிரேக் பட்டனை மிதித்தால் ஒன்றும் பிடிக்காது, ஆர்பிஎம் இருந்தால்தான் அதற்குப் பலம். இன்னொன்று, இது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். மழையில் காலி வண்டியோடு வளைவில் மிதித்தால் வால் வீசும்.

வால்பாறை ரூட்:
நன்றி. மெக்கானிக் பட்டர்பிளை மட்டும் போதும், டீசலை நிறுத்துகிற கட் சிலிண்டர் வெட்டிச் செலவு என்கிறார். பட்டர்பிளையை இயக்குகிற ஏரையும் பிரேக் டேங்கிலிருந்து T ஜாயின்ட் போட்டு எடுத்துவிடலாமாம்.

பழைய டீசல்:
இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்பிஎம் ஐடிலுக்குக் கிட்டே இறங்கினதும் கவர்னர் டீசல் கொடுக்க ஆரம்பிக்கும், பைப் அடைத்திருக்கும்போது அது எரியாமல் கரும்புகையும் கார்பனும்தான். பம்ப்பின் ஸ்டாப் லிவரை இழுக்க ஒரு சின்ன ஏர் சிலிண்டர், அதே பட்டனில். நியூட்ரலில் ஐடில் ஓடும்போது மிதித்துப் பாருங்கள், எஞ்சின் அணைய வேண்டும். முக்கிக்கொண்டு ஓடினால் கட் முழுசாக ஆகவில்லை. அதனாலேயே பட்டனிலிருந்து காலை எடுத்த பிறகுதான் கிளட்ச் மிதிக்கணும் என்று டிரைவருக்குச் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் வளைவு நடுவில் எஞ்சின் அணைந்து கம்ப்ரசரும் நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங் என்றால் அதுவும் கல்லாகிவிடும்.

ஏர் விஷயம் இதைவிட முக்கியம். தனி டேங்க், நடுவில் புரொடெக்‌ஷன் வால்வு (ஒரு பக்கம் ஏர் போனாலும் பிரேக் ஏரைக் காப்பது). பட்டர்பிளை பக்கம் இருக்கிற ஹோஸ் புகைச் சூட்டில் என்றைக்காவது வெடிக்கத்தான் செய்யும், அன்றைக்கு பிரேக் ஏர் அதோடு போகக்கூடாது. அந்த லாரி வால்வை வாங்குவதற்கு முன் பின்னைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே கார்பன் கட்டியிருக்கிறது, ஆட்டம் கண்டிருந்தால் புஷ் போயிருக்கிறது, அதை வாங்கவே வேண்டாம்.