நெரிசல் கட்டணமா, நெரிசல் தணிப்புக் கட்டணமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களில் வண்டிகள் மிகும் வேளையில் சாலையைப் பயன்படுத்துவோரிடம் வாங்கும் தொகைக்கு 'உச்சநேரச் சுங்கம்', 'நெரிசல் கட்டணம்' என்னும் இரு சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 'நெரிசல் தணிப்புக் கட்டணம்' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொள்ளலாம் என்று கருதுகிறேன்.

'உல்குடைப் பெருவழி', அதாவது சுங்கம் வாங்கும் பெருவழி, என்று பெரும்பாணாற்றுப்படை சொல்லும் அளவுக்கு வழிவரி நமக்குப் பழையது. ஆனால் இன்று சுங்கச்சாவடி என்றதும் சாலை போட்ட செலவை மீட்கும் வசூல்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே வண்டிகள் கூடக் கூட வசூலிப்பவருக்கு நன்மை. நாம் பேசும் கட்டணமோ, சில வண்டிகளாவது வேறு நேரத்துக்கோ பேருந்துக்கோ தொடர்வண்டிக்கோ மாறட்டும் என்பதற்காகவே விதிக்கப்படுகிறது. நோக்கம் இவ்வளவு விலகியிருக்கும்போது ஒரே சொல்லை இரண்டுக்கும் வைப்பது படிப்பவரைக் குழப்பும்.

'உச்சநேரம்' இக்கட்டணத்தின் எல்லா வடிவங்களுக்கும் பொருந்தவில்லை. சிங்கப்பூர் 1975இல் நகர மையத்துக்கு அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தபோது காலை உச்சநேரத்துக்கு மட்டுமே கட்டணம் இருந்தது. அது முடிந்தவுடன் வண்டிகள் திரண்டு நுழைந்ததால், நேரத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 1998இல் வந்த மின்னியல் முறையில் தொகை நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் மாறுகிறது. இவற்றுக்கு 'உச்சநேரச் சாலைக் கட்டணம்' நன்றாகப் பொருந்தும். ஆனால் இலண்டன் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு என்று தொடங்கியபோது, கட்டண நேரத்துக்குள் எப்போது வந்தாலும் ஒரே தொகைதான். ஆகவே 'உச்சநேரச் சாலைக் கட்டணம்' என்பதை ஒரு வகைக்கு மட்டுமான பெயராக வைத்துக்கொள்வோம்.

'நெரிசல் கட்டணம்' சுருக்கமானது, பழகியும் வருகிறது. அந்த வலிமையை நான் மறுக்கவில்லை. பொருளியலாரின் கருத்தும் அதற்கு அருகில் நிற்கிறது. 1996இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் விக்ரி போன்றோர், நெரிசலில் நுழையும் ஒவ்வொரு வண்டியும் பிறருக்கு உண்டாக்கும் தாமதத்துக்கு விலை வைக்க வேண்டும் என்றே வாதிட்டனர். ஆயினும் தமிழ்க் கூட்டுச்சொல் இந்தப் பொருளைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். மின் கட்டணம், குடிநீர்க் கட்டணம், பேருந்துக் கட்டணம் என்று நாம் வழங்கும் சொற்களில் முதற்பகுதி பணம் கொடுத்துப் பெறுவதைக் குறிக்கிறது. அந்த வரிசையில் 'நெரிசல் கட்டணம்' என்றால், காசு கொடுத்து நெரிசலை வாங்குவதாகவே காதில் விழுகிறது. உண்மையில் கட்டியவர் பெறுவது நெரிசலின் தணிவு. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 2006 சனவரி முதல் சூலை வரை நடந்த சோதனையில், கட்டண எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தன. வரிசைகள் அதைவிடப் பெரிய அளவில் சுருங்கின. சாலை அதன் கொள்ளளவை எட்டியிருக்கும் வேளையில், விலகும் சில வண்டிகள்கூடக் காத்திருப்பை வெகுவாகக் குறைத்துவிடும். சோதனை முடிந்ததும் வண்டிகள் மீண்டும் கூடின.

'தணிப்பு' என்பது நடக்காத ஒன்றை உறுதியளிக்கிறதே என்ற மறுப்பு வரலாம். இலண்டனில் நுழையும் வண்டிகள் குறைந்த அளவிலேயே இருந்தும், சாலைப் பணிகளாலும், பேருந்துக்கும் நடப்போருக்கும் இடம் ஒதுக்கியதாலும், சில ஆண்டுகளில் வேகம் பழைய நிலைக்கு இறங்கியது உண்மைதான். ஆனால் தீ அணையாமற் போனாலும் தீயணைப்பு வண்டி அப்பெயரை இழப்பதில்லை. பெயர் நோக்கத்தைச் சொன்னால் போதும்.

'தணிகட்டணம்' என்று சுருக்கலாம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. குறைத்த கட்டணம் என்று படிக்க இடமிருப்பதால் கைவிட்டேன்.

சுவீடனில் இது சட்டப்படி வரி. அதன் பெயரிலேயே வரி என்னும் சொல் இருக்கிறது. இலண்டனிலோ இது கட்டணம் என்று நகர நிர்வாகமும், வரிதான் என்று அமெரிக்கத் தூதரகமும் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகின்றன. எனவே மொழிபெயர்ப்பாளர் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து இறுதிச் சொல்லை மாற்றிக்கொள்ளட்டும்.

கட்டணப் பகுதியைச் சூழ்ந்த எல்லைக்குக் 'கட்டண வளையம்' என்று எழுதிப் பார்த்தேன். ஸ்டாக்ஹோமில் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் வசூலிப்பதால் 'நுழைவெல்லை' பொருந்தவில்லை. இதற்கு மேலான சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.