ஐப்பசி அடைமழையில் படித்தது, பார்த்தது: உங்க அனுபவம்?

பைண்டு வால்யூம்
ராத்திரி மழை, கரண்ட் இல்லை. பாட்டி கல்கியிலேருந்து பிரிச்சு பைண்டு பண்ணின 'பொன்னியின் செல்வன்', சுழற்காற்று பாகம், ஓவியர் மணியம் வரைஞ்ச படங்களோட. மின்னல் விழுந்து கப்பலோட பாய்மரம் எரியுது, உள்ளே வந்தியத்தேவன். அருள்மொழி படகை இறக்கறார். பக்கத்தைத் திருப்பினா பூங்குழலி படகுல ரெண்டு பேரும் கிடக்காங்க! நடுவுல இதழே இல்லை. யாரோ இரவல் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலையாம். பிறகு முழுசா வாங்கிப் படிச்சாச்சு. ஆனா மழை வலுத்தா மனசு அந்த விட்டுப்போன வாரத்துலதான் போய் நிக்குது.

மால்குடிக்காரி
இதமா ஏதாவது சொல்லுங்கன்னா கப்பல் எரியறதைச் சொல்றீங்களே! மழைன்னா ஆர். கே. நாராயண் கதைகளை வச்சு டிவியில வந்த 'மால்குடி டேஸ்' தொடர்தாங்க. ஷங்கர் நாக் கர்நாடகாவுல ஆகும்பேயில எடுத்தது, அந்த ஊர் மழைக்குக் கேக்கணுமா. எல். வைத்தியநாதன் இசை ஆரம்பிச்சதும் தாத்தா நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப்பார். ரெண்டு பேருக்கும் ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. சுவாமி மேல கோபமா இருக்கற சிநேகிதன் ராஜம் ஊரை விட்டுப் போற அன்னிக்கு, ரயில் நகருது, சுவாமி பரிசுப் புத்தகத்தோட கூடவே ஓடறான். தாத்தா எழுந்து நின்னு, "குடுத்துடுறா, குடுத்துடுறா"ங்கறார். ராஜம் மன்னிச்சானா இல்லையான்னு நாவல்லயும் நாராயண் சொல்லலை. எனக்கு இன்னும் ஆறலை.

குடந்தை வாசகன்
தி. ஜானகிராமனோட 'மோகமுள்' நாவல் எனக்கு. கும்பகோணத்துல, ஓட்டுல மழை கொட்டறப்ப, பாட்டு வாத்தியார் ரங்கண்ணா சாகிற இடத்தோட மூடி வச்சேன். மறுநாள்தான் தொட முடிஞ்சது.

பைண்டு வால்யூம் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. இந்த மாதிரி ஈரமான மாசத்துல புத்தகத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சி அதிகமா வரும். அலமாரியைச் சுவரோட ஒட்டிப் போடாதீங்க, நாலு விரல் இடம் விடுங்க. புத்தகத்தை நெருக்கி அடுக்காதீங்க. துணியில முடிஞ்ச வசம்பு, காஞ்ச வேப்பிலை போதும். நனைஞ்சா வெயில்ல காய வைக்கவே கூடாது, தாள் முறுகிடும். பக்கங்களுக்கு நடுவுல மை ஒத்துற தாள் வச்சு ஃபேன் காத்துல விடுங்க. பழைய வார இதழ்த் தாளை வேகமா புரட்டினா ஓரம் உதிரும், அதையும் கவனிங்க.

பைண்டு வால்யூம்
மால்குடிக்காரி, வீட்டுக்குள்ள நனையாம உக்காந்து புயலைப் படிக்கிறதுதாங்க எனக்கு இதமே. மழையில அமைதியான கதை படிச்சா தூங்கிடுவேன்.

குடந்தை, வசம்பை அலமாரியில வைக்கணுமா, வால்யூம் உள்ளேயா? மணியம் படத்துல கறை பட்டுடுமோன்னு பயமா இருக்கு.