தட்டில் நெருப்பு, கூடத்தில் குளிர்: குறை யாருடையது?

மிளகுக்கொடி:
நேற்று நால்வராகச் சாப்பிடப் போன உணவகத்தைப் பற்றி ஒரு கேள்வி. சமையல் துணிச்சலானது. முதல் வாயிலேயே புளிப்பு பல்லைக் கூசவைத்தது. பின்னாலேயே காரம் காதுமடல் வரை ஏறியது. சமையலில் ஒரு குறையும் இல்லை. கூடம்தான் வேறு உலகம். வெள்ளை விரிப்பு, மங்கிய விளக்கு, மெல்லிய பியானோ இசை. காரத்தில் மூக்கு ஒழுகுகிறது, உறிஞ்சக் கூச்சமாக இருக்கிறது. விரிப்பில் ஒரு சொட்டுச் செந்நிற எண்ணெய் விழுந்தது. பரிமாறுபவர் சத்தமில்லாமல் வந்து அதன்மேல் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எங்கள் மேசையில் பேச்சே எழவில்லை. மறுபடி போகத் தோன்றவில்லை. குறை என்னிடமா, அவர்களிடமா?

உப்புக்கல்:
சாப்பிடப் போனீர்களா, சுவரைப் பார்க்கவா? உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டியின் நட்சத்திரமே தட்டில் இருப்பதற்கு மட்டும்தான் தரப்படுகிறது. இடத்தின் வசதிக்கு முட்கரண்டி, கரண்டிக் குறியீடு என்று தனி அடையாளம் வைத்திருந்தார்கள். 2016இல் சிங்கப்பூரில் மிகச் சாதாரண உணவுக் கடைகளுக்கும் நட்சத்திரம் கிடைத்தது. சுவை வேறு, சோடனை வேறு.

ஒலிமானி:
அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது, உப்புக்கல். 2015இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விமானத்துக்குள் கேட்பது போன்ற சுமார் 85 டெசிபல் இரைச்சலில் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இனிப்பு மட்டுப்பட்டது, உமாமிச் சுவை (காளான், தக்காளி போன்றவற்றின் ஆழ்ந்த ருசி) தூக்கலாகத் தெரிந்தது. காதில் விழுவதும் சுவையில் சேர்கிறது.

உப்புக்கல்:
நல்லது. அவர் போன இடத்தில் இரைச்சலே இல்லையே! உங்கள் ஆய்வு என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

ஒலிமானி:
பொறுங்கள். காரம் நாக்கின் சுவைகளில் சேர்ந்ததே அல்ல. சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசினும் தூண்டுகிறது. 1997இல் அந்த ஏற்பியை அடையாளம் கண்ட அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் அதைச் சூடுபட்டதாகவே எடுத்துக்கொள்கிறது: வியர்வை, கண்ணீர், மூக்கில் நீர். இத்தனையும் வரவழைக்கும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று ஒரு கூடம் சொன்னால், அது சோடனைக் குறை அல்ல. சாப்பாட்டையே பாதியில் நிறுத்துகிற குறை.

அடுக்களைவாசி:
உள்ளிருந்து பார்த்தவன் சொல்கிறேன். பல இடங்களில் கூடத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், அடுப்பைத் தீர்மானிப்பவர் வேறொருவர். சமையல்காரர் வேலைக்குச் சேரும்முன்பே விரிப்பும் விளக்கும் வந்திறங்கிவிடும். மெல்லிய இசை ரசனைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். மெதுவான இசையில் வாடிக்கையாளர்கள் அதிக நேரம் உட்கார்ந்து, மதுவுக்கு அதிகம் செலவழித்தார்கள் என்று 1986இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பியானோ கல்லாப்பெட்டியின் பக்கம். எனக்கு வருத்தம் விளக்கு பற்றித்தான்: மிளகாய் எது, தக்காளித் தோல் எது என்று தெரியாத இருட்டில் காரச் சமையலைப் பரிமாறுவது வம்பு.

உப்புக்கல்:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். காரசாரமான சாப்பாடு என்றால் பெஞ்சும் இரைச்சலும்தான் பொருத்தம். வெள்ளை விரிப்பு என்றால் மிதமான சமையல்தான் பொருத்தம். யார் போட்ட விதி இது? அந்தச் சமையல்காரருக்கு நல்ல மேசை கொடுத்ததில் என்ன தவறு? பொருத்தமில்லை என்று நீங்கள் சொல்லும்போது, அந்தச் சமையலைத் திரும்பத் தெருவுக்கே அனுப்புகிறீர்கள்.

மிளகுக்கொடி:
இது நியாயமான அடி. ஆனால் நான் விரிப்பை எடுக்கச் சொல்லவில்லை. மிளகாய் எண்ணெய் மிதக்கும் குழம்பைக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு, அது சொட்டும் என்று தெரியாதா? கறையை மூடாமல் விட்டிருந்தால் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்போம். மூடிய அந்த நொடியில்தான் தப்பு செய்தவர்கள் ஆனோம். தாராளமாக நாலு கைத்துணி, கேட்காமலே நிரம்பும் தண்ணீர்க் குவளை, இவை போதும். பியானோகூட இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒலிமானி:
பியானோவும் வேண்டாம். நான்கு பேர் கூடிப் பேசும் மேசைக்கு அது எதற்கு?

உப்புக்கல்:
உணவகத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த வாரம் போகிறேன். மூக்கை உறிஞ்சித்தான் சாப்பிடுவேன், யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எழுதுகிறேன்.

அடுக்களைவாசி:
போனால் விளக்குக்கு நேர் கீழே இடம் கேளுங்கள்.