மறுமொழி: ‘அட்வென்ச்சர் பைக்’ – சாகசம் வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

‘அட்வென்ச்சர் பைக்’ என்ற வகை மோட்டார் சைக்கிளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். ‘சாகச இருசக்கர வாகனம்’ என்று தீர்மானித்து அகராதியில் ஏற்றிவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று பயம் வந்ததால் எழுதுகிறேன். இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அட்வென்ச்சர் என்றால் சாகசம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. சாகசம் என்றதும் நம் காதில் விழுவது தீ வளையத்துக்குள் பாய்வதும் மரணக் கிணற்றில் சுற்றுவதும்தான். இந்த வண்டிக்காரர் செய்வது அதற்கு நேரெதிர். இரண்டு பெட்டி, ஒரு கூடாரம், ஒரு நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் பயணம், அதில் பெரும்பகுதி தார்ச்சாலை, கடைசி நாற்பது கிலோமீட்டர் சரளையும் மணலும். கீழே விழாமல் போய்ச் சேர்ந்தால் அதுவே போதும் அவருக்கு. அதைப் போய் சாகசம் என்றால் வீட்டில் வண்டி வாங்க விடுவார்களா?

இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே யமஹா எக்ஸ்டி500 முதல் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை 1979-இல் வென்றுவிட்டது, ஆனால் அது இலகுவான ஒற்றைச் சிலிண்டர் வண்டி, சாமான் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவதற்கென்று செய்ததல்ல. சரி, அந்த ஜி/எஸ் எழுத்துகளுக்கு என்ன பொருள்? கெலண்டே, ஷ்ட்ராசே. முன்னது கரடுமுரடான நிலம், பின்னது சாலை. அவ்வளவுதான், சாகசம் என்ற பேச்சே இல்லை. பிறகு இந்த வகை வண்டி செய்தவர்களும் தங்கள் வண்டிகளுக்கு நிலத்தை ஒட்டிய பெயரைத்தான் வைத்தார்கள்: டெனேரே சகாராவில் ஒரு பாலைப்பரப்பு, டிரான்ஸ்ஆல்ப் என்றால் ஆல்ப்ஸைக் கடப்பது, துவாரெக் அந்தப் பாலைவனத்தில் வாழும் மக்கள், ஹிமாலயனுக்கு விளக்கமே வேண்டாம். (டைகர் என்ற வண்டியை விட்டுவிடுவோம், அது வாதத்தைக் கெடுக்கிறது.) செய்தவர்களே தரையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கும்போது நாம் மட்டும் ஏன் ஓட்டுபவரின் வீரத்தைப் பார்த்து வைக்க வேண்டும்?

> ‘அதருந்து’ என்று வைக்கலாம். அதர் என்பது காட்டுவழிக்குப் பழஞ்சொல்.

அதரில் போகும் உந்து, அதாவது வண்டி. சொல் அழகுதான், எனக்கும் ஆசைதான். ஆனால் அச்சில் பார்ப்பவர்களில் பாதிப்பேர் ‘அதிருந்து’ என்று படிப்பார்கள். பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு அது பொருந்தவும் செய்யும் என்பது வேறு விஷயம். இன்னொருவர் தனிமடலில் ‘செலவுந்து’ என்றார். செலவு என்றால் பழந்தமிழில் பயணம். அந்தப் பெயரில் உண்மை கொஞ்சம் அதிகமாகவே இருப்பதால் அதையும் ஒதுக்குகிறேன்.

தார்ச்சாலை, கரட்டுத் தரை இரண்டுக்கும் என்று ‘இருவழி’ என்று வைத்தால் போக்குவரத்துப் பலகை நினைவுக்கு வருகிறது. தவிர, இருவகைத் தரைக்குமான இலகு வண்டி என்று டூயல் ஸ்போர்ட் ஒன்று தனியாக இருக்கிறதே, அதற்கு ‘இருதடம்’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

நான் முன்வைப்பது ‘எவ்வழி உந்துருளி’, எவ்வழியிலும் போகும் மோட்டார் சைக்கிள் என்ற பொருளில். பேச்சில் ‘எவ்வழி வண்டி’ போதும்.

> ‘உம்’ இல்லாமல் எவ்வழி என்றால் கேள்வியாக அல்லவா நிற்கும்? எந்த வழியில் போகும் என்று?

நிற்கும்தான், மறுக்கவில்லை. நிற்கட்டும் என்கிறேன். இந்த வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியே அதுதான்: எந்த வழியில், எவ்வளவு தூரம்? சாகசம் என்று கேட்டு மயங்கியவர் 21 அங்குல முன்சக்கரமும் 240 மி.மீ. ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் (குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பு) தேடிப் போவார், அப்புறம் ஆண்டு முழுக்கத் தார்ச்சாலையில் ஓட்டுவார். பெரிய சக்கரம் கல்லின் மேலும் பள்ளத்தின் மேலும் முட்டாமல் உருண்டு ஏறும், உண்மை. ஆனால் தார்ச்சாலை வளைவில் 19 அங்குலம்தான் சட்டென்று திரும்பும். கம்பி ஆரங்கள் கோத்த ஆரச்சக்கரம் அடி தாங்கும், வளைந்தாலும் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். ஆனால் பலவற்றில் அதற்குள் டியூப் இருக்கும், நட்டநடு வழியில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றி உட்கார வேண்டியதுதான். வார்ப்புச் சக்கரத்தில் டியூப்லெஸ் என்றால் அடைப்பானைக் குத்திவிட்டுக் கிளம்பலாம். நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு சாயங்காலம், டார்ச் விளக்கு இல்லாமல். அன்றைக்கு என் வண்டியை யாராவது சாகசம் என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இனி அடுத்த சொல், ‘மிடில்வெயிட்’: பெரிதும் சிறிதுமல்லாத நடு வகுப்பு வண்டி. இதற்கு ‘நடுத்தரத் திறன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், சிசி (எஞ்சின் கொள்ளளவு) கணக்கை வைத்துத்தான் பிரிக்கிறார்கள் என்ற காரணம் சொல்லி. நடைமுறையில் அப்படித்தான் பிரிக்கிறார்கள், ஏறக்குறைய 650 முதல் 900 சிசி வரை. ஆனால் எண்களை எடுத்து வைத்துப் பாருங்கள். ஹிமாலயன் 452 சிசி, எடை 196 கிலோ. டெனேரே 700-க்கு 689 சிசி, எடை சுமார் 204 கிலோ. எஞ்சின் ஒன்றரை மடங்கு, எடையில் எட்டு கிலோதான் வித்தியாசம்! அதே நடு வகுப்பிலிருக்கும் வி-ஸ்ட்ராம் 800டிஇ 230 கிலோ. மணலில் சாய்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கும்போது சிசி உதவிக்கு வராது. ஆகவே எடை என்ற சொல் உள்ளே இருக்கட்டும்: ‘நடுவெடை’. ‘இடையெடை’ வேண்டாம், நாக்கு சுளுக்கும்.

எடை என்பதும் எண் மட்டுமல்ல, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்த்துத்தான். கேடிஎம் 790 அட்வென்ச்சரில் பெட்ரோல் தொட்டி எஞ்சினின் இரு பக்கமும் கீழே இறங்கியிருக்கும், அதனால் தாளில் இருக்கும் கனம் கையில் தெரியாது. இருக்கை உயரமும் அப்படித்தான். டெனேரேயின் 875 மி.மீ. குட்டையான ஆளுக்கு முன்பாதம் மட்டும் ஊன்றும் உயரம், ஹிமாலயனின் 825 கொஞ்சம் கருணை காட்டும். காலூன்ற முடியாத வண்டியில் கரட்டுத் தரைக்குப் போவது என்னைப் பொறுத்தவரை வீண்வேலை, எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும்.

கடைசியாக ஒன்று, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ‘சஸ்பென்ஷன் டிராவல்’ என்பதை அட்டவணையில் ‘இடைநீக்கப் பயணம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பையனை இடைநீக்கம் செய்து ஊருக்கு அனுப்பியது போல இருக்கிறது. சக்கரம் மேலும் கீழுமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதுதானே பொருள்? ‘அமுங்கு வீச்சு’ என்று நான் எழுதி வருகிறேன், ஆனால் பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவது அதில் அடங்கவில்லை. பட்டறையில் வேலை செய்பவர்கள் யாராவது வேறு சொல் புழங்குகிறார்களா? தெரிந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், அதுவரை அந்த வரியை மட்டும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.