'அர்கே' என்ற கிரேக்கச் சொல்: 'மூலப்பொருள்' வேண்டாம், 'முதல்' போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். ஆனாலும் பத்து நாளாக நீங்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். காரணங்களை முழுதாக எழுதுகிறேன், ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன். தொடக்கக் காலக் கிரேக்க மெய்யியலுக்குத் தமிழில் ஓர் அறிமுக நூல் எழுதுகிறேன். கதை தொடங்கும் இடம் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரம், காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. தேலேஸ் 'நீர்' என்கிறார். அவருக்குப் பின் வந்த அனாக்சிமாந்தர் 'எல்லையற்றது' என்கிறார். அடுத்து வந்த அனாக்சிமெனிஸ் 'காற்று' என்கிறார். இவையெல்லாம் எந்தக் கேள்விக்கு விடை? உலகம் எதிலிருந்து தொடங்குகிறது, அதாவது அதன் 'அர்கே' எது என்ற கேள்விக்கு. அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல முடியாவிட்டால் என் நூல் மூன்றாம் பக்கத்தைத் தாண்டாது.

> 'மூலப்பொருள்' என்றே பலரும் எழுதுகிறார்கள். புழக்கத்தில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, என் முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைப் பக்கத்து வீட்டில் இருக்கும் வணிகவியல் ஆசிரியை ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "தண்ணீர் மூலப்பொருள் என்றால், அதை வைத்து உலகத்தைத் தயாரித்தவர் யார்?"

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இன்றைய தமிழில் மூலப்பொருள் என்றால் நூற்பாலைக்குப் பஞ்சு, சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல். அதை வாங்கிப் பதப்படுத்த வெளியே ஓர் ஆள் வேண்டும். தேலேஸின் நீருக்கு அப்படி ஆள் இல்லை. எல்லாவற்றிலும் தெய்வங்கள் நிறைந்திருக்கின்றன என்று அவர் சொன்னதாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார், இரும்பை இழுப்பதால் காந்தக்கல்லுக்கு உயிர் உண்டு என்று அவர் கருதினார் என்றும் எழுதுகிறார். அவர் பார்த்த உலகத்தில் பொருள் சும்மா கிடக்கவில்லை. அதற்கு உயிரும் அசைவும் தன்னிடமே உண்டு. 'மூலப்பொருள்' என்ற சொல் அந்த உயிரை எடுத்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. எது எதிலிருந்து ஆனதோ, ஆன பிறகும் அதற்குள்ளேயே பகுதியாக இருக்கிறதோ, அதற்குக் கிரேக்கத்தில் தனிச் சொல் இருக்கிறது: 'ஸ்டொய்கெயோன்'. எழுத்துக்கும் அவர்களிடம் அதே சொல்தான். சொல்லுக்குள் எழுத்து இருப்பதுபோலப் பொருளுக்குள் இருப்பது என்று கருத்து. எம்பெடோக்ளிஸ் நிலம், நீர், தீ, காற்று நான்கையும் 'வேர்கள்' என்றார், பின்னால் வந்தவர்கள் அவற்றை ஸ்டொய்கெயோன் என்றார்கள். அர்கே அதைவிட அகன்ற சொல். உள்ளே இருப்பதும் அர்கே ஆகலாம், வெளியே நின்று தொடங்கிவைப்பதும் ஆகலாம். மூலப்பொருளை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே கைக்குச் சொல் இருக்காது.

சரி, கிரேக்கர்களின் வாயில் அர்கே என்னவெல்லாம் ஆகிறது? அரிஸ்டாட்டிலின் 'மெட்டஃபிசிக்ஸ்' தொகுப்பில் ஐந்தாவது நூல் முழுக்கவே ஒரு சொற்பொருள் அகராதி. 30 அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு சொல்லோ சொற்கூட்டமோ. அதில் முதலில் வருவதே அர்கே. சாலையின் இந்த முனை ஓர் அர்கே. பாடத்தை எங்கே தொடங்கினால் எளிதில் ஏறுமோ அந்த இடம் ஓர் அர்கே. கப்பலுக்கு அடிக்கட்டை, வீட்டுக்கு அடித்தளம். பிள்ளைக்குத் தாயும் தந்தையும், சண்டைக்கு வசைச்சொல். எவருடைய விருப்பத்தால் மற்றவை அசைகின்றனவோ அந்த ஆட்சியாளரின் பதவியும் அர்கே. ஒரு நிறுவலுக்கு முன்கோள்களும் அர்கே. இவ்வளவையும் அடுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவானதை ஒரே வரியில் சொல்கிறார்: ஒன்று எங்கிருந்து இருக்கிறதோ, அல்லது ஆகிறதோ, அல்லது அறியப்படுகிறதோ, அந்த முதலாவது.

இந்தப் பட்டியலில் நாம் விட்டுவிடக்கூடாதது ஆட்சி. ஏதென்சில் ஆண்டுதோறும் பதவிக்கு வந்த ஒன்பது தலைமை அதிகாரிகளுக்கு 'அர்கோன்' என்று பெயர். தொடக்கமும் தலைமையும் அவர்களுக்கு ஒரே வேரில் இருக்கின்றன. நம் சொல்லும் இரண்டையும் தாங்க வேண்டும்.

> 'தோற்றுவாய்' அழகான சொல். 'ஆதிமூலம்' என்றும் சொல்லலாம்.

தோற்றுவாய் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஊற்று சுரந்த பிறகு ஆறு தன் போக்கில் போய்விடும், அர்கே அப்படி விட்டுவிடுவதில்லை. ஆதிமூலம் என்றால் நம் காதில் முதலைவாயில் சிக்கிய யானையின் குரல் கேட்கும். அந்தக் குரலை மிலேட்டஸ் வரை கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

இனி 'முதல்'. இது புதுச் சொல் இல்லை, நாம் தினமும் பேசுவது. ஒருவேளை அதனால்தான் பேச்சுவாக்கில் வந்தும் பத்து நாளாக யாரும் இதை அழுத்திச் சொல்லவில்லை. அரிஸ்டாட்டிலின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

'அகர முதல எழுத்தெல்லாம்' என்பதில் முதல் தொடக்கம். அடுத்த வரியிலேயே 'ஆதி பகவன் முதற்றே உலகு' எனும்போது உலகம் தனக்கு முதலாக ஒன்றை உடையது என்றாகிறது. அங்கே வெறும் வரிசையில் முந்தியது என்று பொருள் சொல்ல முடியாது. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற 948ஆம் குறளில் முதல் என்றால் காரணம். சங்கப் பாட்டில் மரத்தின் அடி முதல் எனப்படும், கப்பலின் அடிக்கட்டைக்கு அது பக்கத்துச் சொந்தம். தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது 'வினைமுதல்' என்கிறார், அதாவது வினையைச் செய்பவன். அசைவைத் தொடங்கிவைப்பவர் என்ற அரிஸ்டாட்டிலின் பொருள் அதில் கிடைத்துவிடுகிறது. அப்புறம் ஆட்சி: இறைவனும் முதல்வன், மாநில அரசின் தலைவரும் முதல்வர், கல்லூரித் தலைவரும் முதல்வர். அர்கேயிலிருந்து அர்கோன் வந்ததுபோலவே முதலிலிருந்து முதல்வர் வந்திருக்கிறார். இதை ஒட்டவைக்க நான் எதுவும் செய்யவில்லை, மொழியே செய்து வைத்திருக்கிறது.

லத்தீன்காரர்களும் இதே வழியில்தான் போனார்கள். அவர்கள் அர்கேவுக்கு ஈடாக வைத்த 'பிரின்சிப்பியம்' என்ற சொல்லுக்குள்ளும் 'முதலாவது' என்ற சொல்தான் இருக்கிறது. கிரேக்க மெய்யியலைத் தன் மொழிக்குக் கொண்டுவந்த சிசெரோ, தேவைப்பட்ட இடத்தில் 'குவாலிட்டாஸ்' போன்ற புதுச் சொல்லைத் துணிந்து ஆக்கினார், இருக்கிற சொல் போதும் என்றால் இருப்பதையே எடுத்துக்கொண்டார். நம் குழுவில் முதல் வேலையை நன்றாகச் செய்கிறோம். இரண்டாவதையும் செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

முந்தாநாள் வந்த மடல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது:

> சைவ சித்தாந்தத்தில் குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஆகவே 'முதல்' என்றாலும் மண்ணைத்தானே குறிக்கும்? 'மூலப்பொருள்' போன வழியிலேயே இதுவும் போகிறதே, தம்பி.

அம்மா, இது வலுவான மறுப்பு. இரண்டு நாள் இதோடுதான் இருந்தேன். அந்த மூன்றன் வரிசையில் முதற்காரணம் மண்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மண்ணுக்கு அந்த இடத்தைத் தருவது 'முதல்' மட்டும் அல்ல. மற்ற இரண்டு காரணங்களும் பக்கத்தில் நிற்பதால் அது மண்ணாகச் சுருங்குகிறது. தனியே நிற்கும்போது 'முதல்' சுருங்குவதில்லை, சித்தாந்த நூல்களே இறைவனை முதல்வன் என்று சொல்கின்றனவே. இன்னொன்றும் தோன்றியது. முதலில் மெய்யியல் செய்தவர்களில் பெரும்பாலோர் பொருள் வடிவிலான அர்கேக்களை மட்டுமே கண்டார்கள் என்பது அரிஸ்டாட்டிலின் குறை. அவரிடம் நான்கு காரணங்கள் இருந்தன, அந்த அளவுகோலை வைத்து முன்னோரை அளந்தார். அவர் கண்ணுக்குத் தேலேஸின் அர்கே மண் போலத் தெரிந்தது, தேலேஸின் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேலேஸ் எழுதியது எதுவும் நம் கைக்கு வரவில்லை, அர்கே என்ற சொல்லை அவர் ஆண்டதற்குச் சான்றும் இல்லை. மிலேட்டஸ்காரர்கள் பார்த்ததையும் அரிஸ்டாட்டில் பார்த்ததையும் ஒருசேரத் தாங்கும் சொல்தான் நமக்கு வேண்டும். நீங்கள் காட்டிய இந்த இரட்டைத்தன்மையால் 'முதல்' இன்னும் பொருத்தமாகிறது என்று நினைக்கிறேன்.

வணிகத்து முதல் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்ற குறளில் வரும் முதல்தான் அது. அதனால் குழப்பம் வராது, மெய்யியல் பத்தியில் யாரும் கடன் வட்டியை நினைக்க மாட்டார்கள். ஆனால் வரிசையெண் உண்மையான தொல்லை. 'தேலேஸ் சொன்ன முதல் முதல்' என்று எழுதினால் வாசிப்பவர் திணறுவார். ஆகவே நூல் முழுவதும் வரிசையைச் சொல்ல 'முதலாவது' அல்லது 'முதன்முதலில்' என்று எழுதுகிறேன், 'முதல்' அர்கேவுக்கு மட்டும். ஒரே முதல் உண்டு என்பது ஒருமுதற்கொள்கை, பல உண்டு என்பது பன்முதற்கொள்கை. 'முதற்பொருள்' என்று மட்டும் நீட்டக்கூடாது. தொல்காப்பிய வழியில் அது நிலமும் பொழுதும், கூடவே 'பொருள்' மறுபடி உள்ளே வந்துவிடும்.

'மெட்டஃபிசிக்ஸ்' என்ற துறையைத் தமிழில் எப்படி அழைப்பது என்பது பற்றியும் சுருக்கமாக. 'மெட்டா' என்றால் இங்கே 'பின்' என்பதுதான். அரிஸ்டாட்டில் தன் 14 நூல்களுக்கு அந்தத் தலைப்பை வைக்கவில்லை. இயற்கை பற்றிய நூல்களுக்குப் பின்னால் வைக்கப்பட்டவை என்று பின்னாளில் தொகுத்தவர்கள் இட்ட பெயர் என்பதே வழக்கமான விளக்கம், தொகுத்தவர் கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிக்கஸ் என்பர். மீவியற்பியல், பௌதிக அதீதம் போன்றவை அந்த வைப்புமுறையை ஒரு கொள்கையாக மொழிபெயர்க்கின்றன. இயக்கமறுப்பியல் மார்க்சிய நூல்களின் தேவைக்கு வந்தது, அங்கேயே இருக்கட்டும். அரிஸ்டாட்டில் வைத்த பெயர் 'முதன்மை மெய்யியல்', அதன் வேலை முதல்களையும் காரணங்களையும் தேடுவது. துறைக்கு நான் மெய்ப்பொருளியல் என்று எழுதப்போகிறேன், ஆனால் அதற்காகச் சண்டை போட மாட்டேன். முதலுக்காகப் போடுவேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒரே ஒரு வாக்கியத்துக்காக. அனாக்சிமாந்தர் சொன்ன எல்லையற்றது, கிரேக்கத்தில் 'அபெய்ரோன்', நீரோ காற்றோ பெயர் சொல்லக்கூடிய வேறு எதுவோ அல்ல. அர்கே என்ற சொல்லை முதன்முதலில் ஆண்டவர் அவர்தான் என்று கி.பி. 6ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் சொல்வதாகச் சிலர் படிக்கிறார்கள். வேறு சிலர், அர்கேவை அபெய்ரோன் என்று அழைத்த முதலாமவர் என்றுதான் அங்கே இருக்கிறது என்கிறார்கள். அது முடியாத வழக்கு. ஆனால் அவரைப் போன்றவர்களின் வாதத்தை அரிஸ்டாட்டில் 'இயற்பியல்' நூலில் தருகிறார். எல்லையற்றதற்கு அர்கே இருந்தால் அதுவே ஓர் எல்லை ஆகிவிடும், ஆகவே அதற்கு அர்கே கிடையாது என்பது வாதத்தின் முதல் பாதி. அதுவே எல்லாவற்றையும் சூழ்ந்து நின்று, கப்பலைச் செலுத்துவதுபோலச் செலுத்துகிறது என்பது இரண்டாம் பாதி. இதை 'மூலப்பொருள்' வைத்து எழுதிப் பார்த்தேன். 'எல்லையற்றதற்கு மூலப்பொருள் இல்லை' என்றால் வாதமே காணாமல் போகிறது, மூலப்பொருள் எப்படி எல்லையாகும்? 'தோற்றுவாய்' வைத்தால் முதல் பாதி நிற்கிறது, இரண்டாம் பாதியில் வரும் கப்பலோட்டம் நிற்கவில்லை. நேற்று இரவு இப்படி எழுதினேன்:

எல்லையிலிக்கு முதல் இல்லை. மற்றவற்றுக்கெல்லாம் அதுவே முதல். அது எல்லாவற்றையும் சூழ்ந்து நின்று, சுக்கான் பிடித்து எல்லாவற்றையும் செலுத்துகிறது.

ஒரு அடிக்குறிப்பும் தேவைப்படவில்லை. காலையில் அதே ஆசிரியையிடம் காட்டினேன். இந்த முறை யார் தயாரித்தார் என்று கேட்கவில்லை. "அதற்கு முதல் இல்லை என்றால் முடிவும் இல்லைதானே?" என்று கேட்டார். அனாக்சிமாந்தரும் அதைச் சாவற்றது, அழிவற்றது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

'எல்லையிலி' பற்றி ஒரு சிறு ஐயம் மிச்சம். 'பிறப்பிலி' போல '-இலி' வந்தால் உயிருள்ள ஒருவரைச் சொல்வதாகத் தோன்றுகிறது. சாவற்றதாக இருப்பதால் அதைத் தெய்வத்தன்மை உடையது என்றார்கள் என்று அரிஸ்டாட்டில் சொல்வதால் எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் 'வரம்பிலி' இன்னும் நெருக்கமோ என்று இருக்கிறது. வயல் வரப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எல்லைக்கும் வரம்புக்கும் உங்கள் ஊர்ப் பேச்சில் என்ன வேறுபாடு என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டும்.

அன்புடன்.