கோயில் மணி 7.83 ஹேட்ஸாம், ஆர் கேட்டது?

பாலைப்பழம்:
போன சனிக்கிழமை கிளிநொச்சியில ஒரு "பிரபஞ்ச சக்தி" செமினாராம், ஆளுக்கு 3500 ரூவா, எங்கட ஊரில இருந்து ஒம்பது பேர் வான் பிடிச்சுப் போயிட்டு வந்தவை. போனது அவையின்ட விருப்பம். ஆனா வந்த நாள் தொடக்கம் வட்ஸ்அப் குறூப்பில ஒரே வசனம் சுத்துது, பாக்கப் பாக்க விசர் வருது: "எங்கட பிள்ளையார் கோயில் மணி 7.83 ஹேட்ஸில அதிருது, பூமித்தாயின்ட இதயத்துடிப்பும் 7.83, மணிச்சத்தம் கேக்கேக்க எங்கட பிரக்ஞை பூமியோட ஒண்டாகுது, குவாண்டம் பிசிக்ஸ் இதை நிரூபிச்சிட்டுது." இருவது வருசமா ஏ.எல் பிள்ளையளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறன். ஒரே ஒரு கேள்விதான். மனுசக் காதுக்கு 20 ஹேட்ஸுக்குக் கீழ, அதாவது செக்கனுக்கு 20 அதிர்வுக்குக் கீழ, கேளாது. அப்ப 7.83 இல அதிருற மணியை நீங்கள் எப்பிடிக் கேட்டனீங்கள்?

நாதவிந்து:
மாஸ்டர் வந்திட்டார், எல்லாரும் கொப்பியைத் திறவுங்கோ. அந்த வசனத்தைப் போட்டது நான்தான், ஒளிச்சு நிக்கேல்ல. 7.83 நான் அவிச்சதில்லை, சூமான் எண்ட ஜெர்மன் விஞ்ஞானி 1952 இல சொன்ன கணக்கு. காதுக்குக் கேளாததெல்லாம் பொய் எண்டா நாய்க்குக் கேக்கிறதும் பொய்யோ? காதுக்குக் கேளாட்டிலும் உடம்புக்குக் கேக்கும் அண்ணை. உள்ளுக்க இருக்கிறவருக்குக் கேக்கும்.

பாலைப்பழம்:
சூமான் மணியைப் பற்றி மூச்சும் விடேல்ல. அந்தாள் சொன்னது மின்னலைப் பற்றி. நிலத்துக்கும் மேல இருக்கிற அயன்மண்டலத்துக்கும் இடையில ஒரு வெளி இருக்கு, உலகம் முழுக்கச் செக்கனுக்கு நாப்பது அம்பது மின்னல் அடிக்குது, அதில வாற மின்காந்த அலை பூமியைச் சுத்திவந்து தன்னோடயே சேர்ந்து பலக்குது, அதைத்தான் பரிவு எண்டுறது. கணக்கும் லேசு. பூமியின்ட சுத்தளவு 40,000 கிலோமீற்றர், ஒளி செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர், பிரிச்சா 7.5, அந்த அண்டையிலதான் 7.83 உம் நிக்குது. அது மின்காந்தம். மணியில இருந்து வாறது காத்து அதிர்வு. காத்தில 7.83 எண்டா அலைநீளமே 44 மீற்றர் அளவு வரும், எங்கட கோயில் வாசலில இருந்து தேர்முட்டி அவ்வளவு தூரம் இல்லை. கரண்ட்டையும் காத்தையும் ஒரு சாக்கில போட்டுக் கட்டுறியள், நம்பர் ஒண்டா இருக்கெண்டதுக்காக. திரும்பவும் கேக்கிறன், எப்பிடிக் கேட்டனீங்கள்?

முத்தையன்கட்டு மாமா:
எனக்கு ஒரு சந்தேகம் மாஸ்டர். செக்கனுக்கு 7.83 எண்டா நிமிசத்துக்கு எவ்வளவு?

பாலைப்பழம்:
கிட்டத்தட்ட 470.

முத்தையன்கட்டு மாமா:
அப்ப எங்கட நெல்லு மில்லில பழைய மெசின்ட பெரிய சில்லு அந்தக் கணக்கிலதான் சுத்தும் போல. முப்பது வருசமா பக்கத்தில நிக்கிறன், பூமியோட ஒண்டாகேல்ல, காதுதான் மந்தமாப் போச்சு.

நாதவிந்து:
சிரியுங்கோ சிரியுங்கோ. மூளையில அல்பா அலை 8 இல இருந்து 12 ஹேட்ஸ். தியானத்தில இருக்கேக்க அந்த அலைதான் கூடும், அதுவும் 7.83 உம் பக்கத்தில பக்கத்தில நிக்குது, இது தற்செயலோ? உங்கட குவாண்டம் பிசிக்ஸ்தானே சொல்லுது ஆள் பாத்தா இலத்திரன் ஒரு மாதிரி நடக்கும், பாக்காட்டி வேற மாதிரி நடக்கும் எண்டு? அப்ப பிரக்ஞைதான் பொருளை ஆட்டுது. குவாண்டம் பிசிக்ஸை உருவாக்கின ஆக்களில ஒருத்தர், சுரோடிங்கரே உபநிடதம் படிச்ச மனுசன். மாஸ்டரை விட அவருக்குக் கொஞ்சம் கூடத் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன்.

பாலைப்பழம்:
மணியை விட்டிட்டு இலத்திரனுக்குத் தாவியாச்சு. சரி, அதுக்கும் வாறன், பேந்து மணிக்குத் திரும்புவன், தப்பேலாது. நீங்கள் சொல்லுறது இரட்டைத் துவாரப் பரிசோதனை, இரண்டு துவாரத்தால இலத்திரனை விட்டு அங்கால திரையில எங்க விழுது எண்டு பாக்கிறது; அதில "பாக்கிறது" எண்டா கண்ணால பாக்கிறதில்லை. 1989 இல யப்பானில தொனோமுரா ஆக்கள் இலத்திரனை ஒண்டு ஒண்டா விட்டுச் செய்தவை. திரையில ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, முதல் கொஞ்சம் அரிசி சிந்தின மாதிரிக் கிடக்கும், ஆயிரக்கணக்கில விழ விழ வரி வரியாக் கோலம் வந்திடும். எந்தத் துவாரத்தால போனது எண்டு அறிய உணரி ஒண்டை வையுங்கோ, கோலம் அழியும். லாப்பைப் பூட்டிட்டு எல்லாரும் சோறு தின்னப் போனாலும் அழியும். இலத்திரனோட ஏதோ ஒண்டு முட்டுப்பட்டாக் காணும், முட்டுறதுக்குப் பிரக்ஞை தேவையில்லை. 1999 இல வியன்னாவில 60 காபன் அணு சேர்ந்த உருண்டையையே இப்பிடிக் கோலம் போடப் பண்ணினவை, அங்கயும் ஒருத்தரும் கண்ணை மூடித் தியானம் இருக்கேல்ல. மனம்தான் காரணம் எண்டு விக்னர் எண்ட பெரிய விஞ்ஞானி 1961 இல எழுதினது உண்மை, பிறகு அவரே அதை விட்டிட்டார், அதை மட்டும் செமினாரில சொல்லமாட்டினம். சுரோடிங்கர் உபநிடதம் படிச்சதும் உண்மை. படிச்சவர் 1926 இல எழுதின சமன்பாட்டில ஆன்மாவுக்கு ஒரு எழுத்துப் போடேல்ல, போட்டிருந்தா நான் அதையும் பெடியளுக்குப் படிப்பிச்சிருப்பன்.

இப்ப மணிக்கு வாங்கோ. 20 க்குக் கீழ கேளாது. 7.83. எப்பிடிக் கேட்டனீங்கள்?

கனகராயன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. எனக்கு விஞ்ஞானம் தெரியாது, சித்தாந்தம் கொஞ்சம் தெரியும். தம்பி நாதவிந்து, நீர் சைவம் எண்டு சொல்லித்தானே இதை எழுதுறீர்? சைவசித்தாந்தத்தில 36 தத்துவத்திலயும் ஆக மேல நிக்கிறது நாதம். அந்த நாதமே சுத்தமாயையில இருந்து பிறக்கிறது. மாயை என்ன? சடம். அப்ப நாதமும் சடம், அறிவில்லாதது. ஆன்மா சித்து, அறிவுள்ளது. அதிர்வுதான் அறிவு எண்டு சொன்னா மெய்கண்டார் சிவஞானபோதத்தில 12 சூத்திரத்தில கஷ்டப்பட்டுப் பிரிச்சு வைச்சதை நீர் 3500 ரூவாவுக்கு ஒட்டிப்போட்டீர். சுரோடிங்கர் படிச்சதும் வேதாந்தம், எங்கட சரக்கில்லை.

பாலைப்பழம்:
ஐயா, இதை வடிவா ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோ. அவரின்ட பேரே சடம்!

நாதவிந்து:
கனகராயன் ஐயாவுக்கு மரியாதை குடுத்து ஒண்டும் சொல்லேல்ல. காஸ்மீர சைவத்தில ஸ்பந்தம் எண்டு இருக்கு, சிவமே துடிப்புத்தான் எண்டு சொல்லுது. அதுவும் சைவம்தான். அனுபவத்தில வாறதை ஏட்டில தேடேலாது. மாஸ்டர், நீங்கள் பிசிக்ஸ் பிசிக்ஸ் எண்டு துள்ளுறியளே, ஜெனீவாவில சேர்ன் எண்ட பெரிய பௌதிகவியல் ஆய்வுகூட வளவில ஆர் நிக்கிறார் தெரியுமோ? நடராசர்!

பாலைப்பழம்:
2004 இல இந்திய அரசாங்கம் பரிசாக் குடுத்தது. பரிசு வந்தா வளவில வைக்கத்தான் செய்வினம். எங்கட பள்ளிக்கூட வாசலில வங்கி குடுத்த மணிக்கூடு தொங்குது, அதுக்காக நாங்கள் வங்கியோ?

நாதவிந்து:
வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணியில விளக்கு எரியுது. வருசா வருசம் எரியுது. உங்கட பிசிக்ஸ் அதுக்கு என்ன சொல்லுது, சொல்லுங்கோ பாப்பம்.

கனகராயன்:
அம்மாளை இதுக்குள்ள இழுக்காதையும்.

நாதவிந்து:
மாஸ்டர் பதில் சொல்லட்டும்.

பாலைப்பழம்:
என்ர அம்மா சாகும்வரை வருசம் தவறாமல் அந்தப் பொங்கலுக்கு முள்ளியவளையில இருந்து நடந்து போன மனுசி. நான் அதைப் பற்றிக் கதைக்க வரேல்ல. அம்மாள் ஹேட்ஸ் கணக்கில எரியிறா எண்டு அங்க ஒருத்தரும் சொன்னதில்லை, சொன்னது நீங்கள், மணியைப் பற்றி. மணி. 7.83. பதிலைக் காணேல்ல.

நாதவிந்து:
பாத்தீங்களா, அதுக்கு வாய் மூடிற்று.

பனிக்குள்ள ஒருத்தன்:
ரொரன்ரோவில இருந்து எழுதுறன். இவ்வளவு நேரமா எல்லாரும் மணி மணி எண்டு கதைக்கிறியள், அந்த மணி எங்கட அப்பான்ட நினைவா நாங்கள் வார்ப்பிச்சுக் குடுத்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. 85 கிலோ. அதின்ட மீடிறன் என்ன, எத்தினை ஹேட்ஸ் எண்டு கேக்க வேண்டிய ஆக்கள் நாங்கள்.

முத்தையன்கட்டு மாமா:
தம்பி, நீங்கள் அனுப்பினது பாதிக் காசு. மிச்சம் ஊர்ச்சனம் நெல்லுப் போட்டது, நானும் நாலு மூட்டை போட்டனான். மணியில ஆரின்ட பேர் வெட்டிக்கிடக்கு எண்டதும் எங்களுக்குத் தெரியும்.

பனிக்குள்ள ஒருத்தன்:
பேருக்காகச் செய்யேல்ல.

முத்தையன்கட்டு மாமா:
அப்ப ஏன் எழுத்து அவ்வளவு பெரிசு?

கனகராயன்:
உண்மையான மணி அது இல்லை. பழைய மணி பாலை மரக்கொப்பில தொங்கினது, அடிச்சா அங்கால வயல்கரைக்கும் கேக்கும். 2008 கடைசியில சண்டைக்கு ஊரை விட்டு வெளிக்கிடேக்க நாலு பேர் சேர்ந்து கழட்டி, சாக்கால சுத்தி, கோயில் கிணத்துக்குள்ள இறக்கிப்போட்டுப் போனாங்கள். கயிறு என்ர கையில வழுக்கினது இப்பவும் உள்ளங்கையில நிக்குது. திரும்பி வந்து பாக்க கிணறு இருக்கு, தண்ணி இருக்கு, மணி இல்லை. மரமும் இல்லை. அதின்ட சத்தம் என்ன ஹேட்ஸ் எண்டு எனக்குத் தெரியாது, கேட்டா இதுதான் எண்டு சொல்லுவன்.

பாலைப்பழம்:
ஐயா சொன்னதுக்கு மேல நான் கதைக்கக்கூடாது, ஆனா கதைக்கத்தான் வேணும், ஏனெண்டா நேற்றுப் பின்னேரப் பூசைக்கு ரியூசன் பெடியன் ஒருத்தனை அனுப்பி இப்ப இருக்கிற மணியைப் போனில அளப்பிச்சனான். பலமா நிக்கிறது 412 ஹேட்ஸ். அதுக்கு மேல 830 பக்கம் ஒண்டு, 1240 பக்கம் ஒண்டு. 7.83 எண்டு ஒரு சாமானும் இல்லை. படம் போட்டிருக்கிறன், எல்லாரும் பாருங்கோ. கேள்வி இப்ப இன்னும் லேசு: எங்க உங்கட 7.83?

நாதவிந்து:
மாஸ்டர் நல்லா மாட்டிக்கொண்டார். மணி அடிச்சு முடிஞ்சு ஓயேக்க "வம்... வம்... வம்..." எண்டு ஏறி இறங்குமே, அதைக் கேட்டிருக்கிறியளோ? தூணில சாய்ஞ்சு நிண்டா முதுகில தெரியும். அந்த ஏறி இறங்கிறது செக்கனுக்கு எத்தினை தரம் எண்டு எண்ணிப் பாருங்கோ. அதுதான் 7.83. போனுக்கு அது விளங்காது.

பாலைப்பழம்:
இது நல்ல கேள்வி, ஆனா உங்களுக்குச் சாதகமில்லை. அதுக்குப் பேர் அடிப்பு, ஏ.எல் பாடத்தில இருக்கு. மணி வார்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பா வராது, அதால மிக நெருங்கின இரண்டு மீடிறன் சேர்ந்து வரும், அதுகளின்ட வித்தியாசம்தான் அந்த "வம் வம்". வார்க்கிறவர் ஒரு பக்கம் கொஞ்சம் கூட ஊத்தினா அது மாறும். மணிக்கு மணி வேற. பெடியன்ட ஒலிப்பதிவில எண்ணினன், செக்கனுக்கு இரண்டு, இழுத்தா மூண்டு. 7.83 இல்லை.

நாதவிந்து:
இப்ப ஏறி இறங்கிறது இருக்கெண்டு ஒப்புக்கொண்டாச்சு. முதல் இல்லையெண்டார். எல்லாரும் குறிச்சு வையுங்கோ.

பாலைப்பழம்:
எங்க இல்லையெண்டனான்? மேல போய் வாசியுங்கோ! 7.83 இல்லையெண்டனான்!

முத்தையன்கட்டு மாமா:
மாஸ்டருக்கு இவரோட கிணத்துக் கோவம் இருக்கு, அதையும் சொல்லுங்கோவன்.

பாலைப்பழம்:
சொல்லுறன், ஏன் ஒளிப்பான். நாலு வருசத்துக்கு முன்னம் என்ர மாமான்ட காணிக்குத் தண்ணி பாக்க இவர்தான் ஒருத்தரைக் கூட்டிவந்தவர். உள்ளங்கையில தேங்காயை வைச்சுக்கொண்டு நடந்தார், வேப்பமரத்துக்குக் கிட்டத் தேங்காய் எழும்பி நிண்டுது, "பூமியின்ட அதிர்வு ஏறுது" எண்டவர். 5000 ரூவாவும் ஒரு சேவலும். 34 அடி வெட்டினம், கருங்கல்லு. அடுத்த இடம், 29 அடி, அதுவும் கல்லு. இண்டைக்கும் அந்த இரண்டு குழியும் வாயைத் திறந்துகொண்டு கிடக்குது, மாமி ஒண்டுக்குள்ள குப்பை போடுறா.

நாதவிந்து:
அவர் கீறிக் காட்டின இடத்தில வெட்டினா வந்திருக்கும். உங்கட மாமா வேலிக்குக் கிட்ட எண்டு நாலடி தள்ளி வெட்டினவர். அதே மனுசன் பாத்த பதினொரு கிணத்தில இண்டைக்கும் தண்ணி நிக்குது, ஒலுமடுப் பக்கம் போய்க் கேளுங்கோ.

பாலைப்பழம்:
அந்தப் பக்கம் குளத்துக்குக் கீழ. கண்ணை மூடிக்கொண்டு தேங்காய் எறிஞ்சு விழுற இடத்தில வெட்டினாலும் தண்ணி வரும்.

பனிக்குள்ள ஒருத்தன்:
மணியில எழுத்துப் பெரிசு எண்டவருக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்ல, வேலையால வந்து சொல்லுறன்.

நாதவிந்து:
மாஸ்டர், வாய்க்கதை வேண்டாம். வெள்ளிக்கிழமை காலமை அஞ்சரைக்கு, ஆள் அரவம் இல்லாத நேரம், கோயிலுக்கு வாங்கோ. நான் ஒருக்கா அடிக்கிறன். நீங்கள் தூணில முதுகைச் சாய்ச்சு கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கோ. பிறகு சொல்லுங்கோ எத்தினை ஹேட்ஸ் எண்டு.

பாலைப்பழம்:
அஞ்சரைக்கு எனக்கு வகுப்பு. பெடியனை போனோட அனுப்பிவிடுறன். அதுக்கிடையில கேட்டதுக்குப் பதில்: 20 ஹேட்ஸுக்குக் கீழ கேளாது, எப்பிடிக் கேட்டனீங்கள்?

நாதவிந்து:
போனை வேண்டாம் எண்டுதானே சொல்லுறன்.